உரசாது என்று எழுதிய அட்டை

ஐப்பசி 3, திங்கள்

காலையில் மப்பு. மழை வரும் போல இருந்தது. வரவில்லை.

இது மூன்றாவது கொப்பி. முதல் இரண்டிலும் முதியோர் வகுப்பில் கிரேஸ் ரீச்சர் எழுதித் தந்ததைப் பார்த்து எழுதினேன். இதில் மனதில் வருவதை எழுதலாமாம். ஒருவருக்கும் காட்டத் தேவையில்லையாம். நல்லது. மெதுவாகத்தான் வருகிறது. இந்தப் பந்தி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது.

இன்று மருமகன் சுதனோடு புத்தூருக்குப் போனேன், பிக்கப்புக்குப் பெரிய ரயர் வாங்க. அவன் வாங்கும்போதே பிக்கப் உயர்த்தின பிக்கப். பாரம் தாங்கும் வில்லுக்குக் கீழே கட்டை கொடுத்து உயர்த்தியிருக்கிறார்கள். ரயர் மட்டும் பழைய சின்ன ரயர். யானைக்குச் சின்னப்பிள்ளையின் செருப்புப் போட்டது போல. மணலில் ஓடாது. சுதன் நினைத்திருக்கும் தொழிலோ மணலில்தான்: கிழக்குக் கரையில் மாரிக்கு முன் வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துக் கொடுப்பது, வலை ஏற்றுவது. அவன் வெளிநாட்டில் பாடுபட்டு உழைத்ததெல்லாம் இந்தப் பிக்கப்பில் இருக்கிறது.

யோகனின் ரயர் கடை. எத்தனையோ வருடமாகப் போகிற கடை. இன்றுதான் பலகையை வாசித்தேன். "பஞ்சர் ஒட்டப்படும். காற்று இலவசம்." இவ்வளவு காலமும் என் சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு அவன் காசு வாங்க மாட்டான். எனக்கு ஏதோ மரியாதை என்று நினைத்திருந்தேன். எல்லோருக்கும் அப்படித்தானாம்.

யோகன் பார்த்துவிட்டான்.

"என்னண்ணை, பலகையை உப்பிடிப் பாக்கிறியள்? விலைக்குக் கேக்கப் போறியளோ?"

"வாசிக்கிறன் தம்பி."

"ஓமோ? அப்ப இனி உங்களை ஏமாத்தேலாது."

சிரித்தோம். ரயர் நல்லது, உயரமானது, பல் பெரியது. வேறு வண்டியில் கழற்றிய ரயர்தான், ஆனால் பல் தேயவில்லை. யோகன் அதையும் சொல்லித்தான் கொடுத்தான், ஒளிக்கவில்லை. ஏற்றும்போது சொன்னான், "அண்ணை, ஸ்ரேறிங்கை ரண்டு பக்கமும் முடிய வெட்டித் திருப்பிப் பாருங்கோ. மட்காட்டுக்குள்ளை எங்கையும் உரசினால் ரயர் போயிடும்."

எனக்குச் சொல்ல வேண்டுமா. லொறியில் கிளீனராக நின்று நரைத்தவன். "தெரியும் தம்பி" என்றேன்.

சுதன் என்று எழுதக் கை நோகிறது. இனி சு.

ஐப்பசி 5, புதன்

வெயில். ரயர் பூட்டினோம். முதுகு நோவு.

செய்தவை:
ஜக் வைத்தது.
பழைய சில்லுக் கழற்றியது.
புதியது பூட்டியது. வலு வடிவு.
எறும்புக் கடி, காலில்.

எங்கள் வளவில் பிக்கப் வலப்பக்கம்தான் திரும்பும். இடப்பக்கம் கிணறு. வலப்பக்கம் முடியத் திருப்பினால் "சர்ர்" என்று ஒரு சத்தம். மகள் வதனி குசினிக்குள் இருந்து "அப்பா, ஆரோ சீலை கிழிக்கினம்" என்றாள்.

வெண்கட்டி எடுத்து ரயர் ஓரம் முழுதும் பூசினேன். மறுபடி திருப்பச் சொன்னேன். எங்கே உரசுகிறதோ அங்கே வெள்ளை ஒட்டும். ஒட்டியது: சில்லுக்குப் பின்னால், கதவுக்குக் கீழே, இரண்டு தகடு சேர்ந்து கத்தி போல நிற்கும் மடிப்பில். சுத்தியலால் அடித்துப் படிய வைத்தேன். மறுபடி வெண்கட்டி. மறுபடி திருப்பு. வெள்ளை ஒட்டவில்லை. சத்தமில்லை.

சு. என் முதுகில் தட்டினான். "மாமா, நீங்கள் இஞ்சினியர்."

இடப்பக்கமும் அதே இடத்தில் அடித்தேன். அந்தப் பக்கம் முன்பு எங்கோ மோதித் தகடு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். தடிப்பு. அடித்தால் சுத்தியல் துள்ளுகிறது. கொஞ்சம் படிந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. காணும், இவ்வளவும் போதும் என்று விட்டேன்.

வெண்கட்டி ரீச்சர் எழுதிப் பழகத் தந்தது. தீர்ந்துவிட்டது. கேட்க வேண்டும்.

ஐப்பசி 7, வெள்ளி

நல்ல நாள். காற்றில்லை.

பிக்கப்பைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் சந்தனம் பூசி, மாலை போட்டு, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். சு. மெதுவாக எடுத்தான். நாலும் நசிந்தது. நல்ல சத்தம். பிறகு கோயில் வீதியை மூன்று தரம் சுற்றினோம். நான் முன்னால் இருந்தேன், கண்ணாடியை இறக்கிவிட்டு, காது முழுதும் வெளியே. கேணி மூலை நெருக்கமான மூலை. சு. முடியத் திருப்பினான். ஒரு சத்தமில்லை. மூன்று தரமும் இல்லை.

"இனியென்ன, உரசாது" என்று சு. சொன்னான்.

"உரசாது" என்று நானும் சொன்னேன். கோயில் வாசலில் நின்றவர்கள் ரயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "உது உயர்த்தினதெண்டால் கட்டாயம் உரசுமே" என்று ஒருவர் கேட்டார். "மாமா சரிக்கட்டிப் போட்டார்" என்றான் சு.

வீட்டுக்கு வந்து, வதனியின் சட்டைப் பெட்டி மட்டையில் ஒரு துண்டு வெட்டி எழுதினேன்.

உரசாது.
பார்த்தது: கந்தவனம்.

அழிக்காமல் ஒரே தரத்தில் வந்தது. பிறர் வாசிக்க நான் எழுதியது இதுதான் முதல். சு. அதை முன் கண்ணாடிக்கு உள்ளே, வெளியில் நிற்பவருக்குத் தெரியும்படி ஒட்டினான். இரண்டு தரம் வெளியே போய் நின்று வாசித்தேன். பால்காரன் வந்தபோது மூன்றாம் தரம்.

இன்று போல ஒரு நாள் எனக்கு இருந்ததில்லை.

ஐப்பசி 10, திங்கள்

மழைக் குணம். கடல் கறுப்பு.

எழுத விருப்பமில்லை. எழுதுகிறேன்.

விடிய வெளிக்கிட்டோம். முதல் வேலை. அந்தோனி என்று வள்ளங்கள் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி, அவருடைய வள்ளத்தை அலை எட்டாத மேட்டுக்கு இழுக்க வேண்டும். பின்னால் வலை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. வள்ளத்தைக் கயிற்றில் கட்டியாகிவிட்டது. கரை நெடுகப் போய் ஒரு மாதா சுருவத்தடியில் இடப்பக்கம் திரும்பி மேட்டில் ஏற வேண்டும்.

இடப்பக்கம்.

சு. திருப்பினான். மணலில் பள்ளம். முன் பக்கம் அமிழ்ந்தது. "சர்ர்."

கேட்டேன். என் பக்கத்துச் சில்லு, என் காலடியில். சு.வுக்கு இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. நிறுத்து என்று சொல்ல ஒரு சொல் போதும். சொல்லவில்லை. மணல் அள்ளிப் படுகிற சத்தம் என்று எனக்கே சொன்னேன். அந்த அட்டை என் முகத்துக்கு முன்னால் இருந்தது. எழுத்தின் முதுகுப் பக்கம்.

சு. இன்னும் வெட்டி, இன்னும் மிதித்தான். வெடித்தது. பிக்கப் ஒரு பக்கம் சரிந்து நின்றது. பின்னால் வள்ளம் அலைவாயில் குறுக்கே போய்விட்டது. தண்ணீர் உள்ளே அடிக்கிறது. அந்தோனி கத்தினார், வீடுகளில் இருந்து பெண்களும் ஓடி வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து கையால் இழுத்தார்கள். நானும் பிடித்தேன். என் இழுவையால் ஒன்றும் ஆகியிருக்காது. வள்ளம் தப்பியது. ஓரம் கல்லில் அடிபட்டுப் பிளந்துவிட்டது.

இழுத்து முடித்து இளைத்துக்கொண்டு நின்றபோது ஒரு பெண் பிக்கப்பின் கண்ணாடியைப் பார்த்தாள். உரத்து வாசித்தாள்.

"உ-ர-சா-து. பார்த்தது கந்தவனம்."

எல்லோரும் சிரித்தார்கள். நனைந்து, களைத்து, அப்படியும் சிரித்தார்கள்.

"ஆரப்பா உந்தக் கந்தவனம்?"

"ஆரோ பெரிய அதிகாரியாக்கும். பாத்து ஒப்பம் வைச்சிருக்கிறார்."

"கண்ணாடி போடாமல் பாத்திட்டார் போல."

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சு. ரயரைக் குனிந்து பார்த்தான். பக்கவாட்டில் கத்தியால் கீறியது போல நீளக் கோடு. "பழைய ரயரை எங்கடை தலையிலை கட்டிப்போட்டான் யோகன்" என்றான். அந்தோனியும் வந்து பார்த்து, "ஓம் தம்பி, உக்கின ரயர்" என்றார்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஐப்பசி 11, செவ்வாய்

மழை. கூரையில் ஒரு இடம் ஒழுகுகிறது. வாளி வைத்தது.

சு. வெடித்த ரயரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புத்தூருக்கு. நானும். கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. மழை என்று ஒரு சாட்டு.

சு. ரயரைத் தூக்கி யோகனின் காலடியில் போட்டான்.

"கள்ள யாவாரமோ செய்யிறாய்? நேற்று ஒருத்தன்ரை வள்ளம் போகப் பாத்தது. ஆள் செத்திருந்தால் நீயோ பதில் சொல்லுவாய்?"

யோகன் கோபப்படவில்லை. ரயரை நிமிர்த்தி, கோட்டில் விரலை வைத்து நெடுகத் தடவினான். பிறகு மழையில் நனைந்து ஆட்டோவுக்கு வந்தான். என்னைத்தான் கேட்டான், மெதுவாக.

"அண்ணை, இடப்பக்கம் வெட்டிப் பாத்தனீங்களோ?"

சு. பார்த்தான். கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

"ஓம்" என்றேன்.

யோகனின் தலைமயிரில் இருந்து தண்ணீர் வழிந்தது.

"நீங்கள் ஓம் எண்டால் வேறை கதையில்லை" என்றான். உள்ளே போய்விட்டான். அதே அளவில் வேறு ரயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து ஆட்டோவில் வைத்தான். காசு வேண்டாம் என்றான். சு. அதையும் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எடுத்தான். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

நாங்கள் கோயிலைச் சுற்றினோம். கோயிலை யாரும் வலமாகத்தான் சுற்றுவார்கள். மூன்று தரம் சுற்றினாலும் முப்பது தரம் சுற்றினாலும் வலப்பக்கம்தான் திரும்பும். இந்த யோசனை எனக்கு அன்று வரவில்லை. சு.வுக்கும் வரவில்லை. ஐயருக்கு வர வேண்டிய தேவையில்லை.

அதுகூடப் பிழைதான், விட்டுவிடலாம். "ஓம்" என்றது தெரியாமல் விட்ட பிழை இல்லை. அது வேறு.

ஐப்பசி 13, வியாழன்

மழை விட்டது. வெங்காய மேடை எல்லாம் தண்ணீர்.

வதனி போனை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். சு. ஏதோ எழுதியிருப்பதாகச் சொல்லியிருந்தாள். எடுத்துப் பார்த்தேன். வாசித்தேன்.

வெடித்த ரயரின் படம். கீழே சு. எழுதியது: புத்தூர் யோகன் கடையில் ரயர் வாங்காதையுங்கோ.

அதற்குக் கீழே ஊரார் எழுதியது. விரலை வைத்து ஒவ்வொன்றாக.

"உவன் எப்பவும் உப்பிடித்தான்."

"என்னையும் ஒருக்கா ஏமாத்தினவன்."

"கடையை மூடச் சொல்லுங்கோ."

"தகப்பனும் கள்ளன்."

யோகனின் தகப்பனை எனக்குத் தெரியும். ஒருவரையும் ஒன்றும் செய்யாத மனிதன்.

முன்பு என்றால் இது எனக்குத் தெரிந்திருக்காது. போனைப் பார்த்து, ஏதோ படம் என்று வைத்திருப்பேன். இப்போது எல்லாம் தெரிகிறது. "ஏமாத்தினவன்" வாசிக்க நேரமெடுத்தது. கால், புள்ளி எல்லாம் பார்த்து, பிழை விடாமல் வாசித்தேன்.

வதனி வந்து கேட்டாள், "என்னப்பா, வாசிக்கத் தெரியுதோ?"

"ஓம்."

இந்தச் சொல் இப்போது வாய்க்குள் நிற்க மாட்டேன் என்கிறது.

சாப்பாடு: புட்டு, கத்தரிக்காய். பாதி.

ஐப்பசி 15, சனி

வகுப்பு. சேர்ச் மண்டபம். நாங்கள் கொஞ்சப் பேர்தான், எல்லோரும் கிழம்.

ரீச்சர் ஆளுக்கு ஒரு வசனம் சொந்தமாக எழுதச் சொன்னார். பக்கத்தில் இருந்த பாக்கியம் "எங்கடை மாடு கண்டு போட்டிட்டுது" என்று எழுதினார். எனக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு எழுதினேன்: நான் ஓம் என்றேன்.

ரீச்சர் குனிந்து வாசித்தார். சிவப்புப் பேனையால் சரி போட்டார். "வடிவா எழுதுறியள் கந்தவனத்தார்" என்றார்.

சரி போட்டிருக்கிறது. கொப்பியை மூடி வைத்தாலும் தெரிகிறது போல இருக்கிறது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கேட்டேன்.

"ரீச்சர், உங்கடை சேர்ச் வளவுக்கை ஒரு பிக்கப்பை இடப்பக்கமாச் சுத்தலாமோ?"

"ஏன், உங்களுக்குக் கோயில் வீதி இல்லையோ?"

"அங்கை இடப்பக்கமாச் சுத்தேலாது."

அவர் யோசித்தார். சிரிக்கவில்லை. "எங்களுக்கு இடமும் ஒண்டுதான், வலமும் ஒண்டுதான். நாளைக்கு ஆராதனை முடிய வாங்கோ. பூங்கண்டிலை மட்டும் ஏத்திப் போடாதையுங்கோ."

புது வெண்கட்டியும் தந்தார்.

ஐப்பசி 16, ஞாயிறு

வெயில். நிலம் இன்னும் ஈரம்.

சு.விடம் சேர்ச் வளவுக்குப் போக வேண்டும் என்றேன். "என்ன மாமா, வேதத்துக்கு மாறப் போறியளோ?" என்றான். சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

இடது ரயருக்கு வெண்கட்டி பூசினேன். "இடப்பக்கம் முடிய வெட்டிச் சுத்து" என்றேன்.

"ஏன்?"

"சுத்து."

ரீச்சர் விறாந்தையில் குடையோடு நின்று பூங்கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சு. சுற்றினான். அரைச் சுற்றுக்கூட இல்லை. "சர்ர்." இங்கே கடல் இல்லை, அலை இல்லை. எல்லோருக்கும் கேட்டது. வேப்பமரத்துக் காகம்கூட எழும்பியது.

சு. நிறுத்தி இறங்கினான். குனிந்தான். மடிப்பில், அந்தத் தடித்த தகட்டின் ஓரத்தில், வெள்ளை. இதைவிட வெள்ளையாக ஒரு வெள்ளை நான் பார்த்ததில்லை.

"உதையும் அடிச்சு மடிச்சனீங்கள்தானே மாமா?"

"வலப்பக்கம் மடிஞ்சுது. இடப்பக்கம் மடியேல்லை."

"பேந்து?"

"பேந்து விட்டிட்டன்."

"யோகன் கேக்கேக்கை ஓம் எண்டனீங்கள்."

"ஓம்."

அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டான். காற்சட்டை ஈரமாகிவிட்டது. "நான் அந்தாளை எத்தினை பேருக்கு முன்னாலை பேசிப்போட்டன்" என்றான். "போனிலையும் போட்டிட்டன்." என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"போனிலை போட்டதை அழிச்சுவிடுறன். காணும்தானே?" என்றான் பிறகு.

"அதை வாசிச்சவங்கடை மண்டைக்குள்ளை எப்படி அழிப்பாய்?"

நான் கண்ணாடியில் இருந்த அட்டையை உரித்தேன். பசை கொஞ்சம் கண்ணாடியிலேயே நிற்கிறது.

ஐப்பசி 17, திங்கள்

மப்பு. பின்னேரம் தூறல்.

காலை முழுதும் எழுதினேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதிக் கொடுத்தால் அவன் வாசிப்பான், நான் பேசாமல் நிற்கலாம், விரும்பினால் கடையில் ஒட்டட்டும் என்று கணக்குப் போட்டேன். எழுதப் படித்ததில் இப்படியும் ஒரு வசதி. அதே சட்டைப் பெட்டி மட்டை, மிச்சத் துண்டு. இரண்டு தரம் பிழைத்து, மூன்றாம் தரம் வந்தது.

புத்தூருக்குப் போனோம். சு. பிக்கப்பை ரோட்டோரம் நிறுத்திவிட்டு இறங்கவில்லை. போன தரம் நான் ஆட்டோவில் இருந்தது போல.

கடையில் சனம் குறைவு. முன்பு இந்த நேரம் மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் நிற்கும். இன்று ஒரு உழவு இயந்திரக்காரரும், ரியூப்புக்கு ஒட்டுப் போட வந்த இரண்டு பேரும்தான். யோகன் நிலத்தில் குந்தியிருந்து சில்லு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். "வாங்கோ அண்ணை" என்றான். எப்போதும் சொல்வது போலத்தான் சொன்னான். அதுதான் இன்னும் கூட நொந்தது.

மட்டையை நீட்டினேன்.

அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். கிறீஸ். முழங்கை வரை கறுப்பு.

"கை ஊத்தை அண்ணை. நீங்களே வாசியுங்கோ."

"பேந்து கழுவிப்போட்டு வாசியன் தம்பி."

"உங்களுக்குத்தான் இப்ப வாசிக்கத் தெரியுமே."

உழவு இயந்திரக்காரர் திரும்பினார். மற்ற இரண்டு பேரும் கதையை நிறுத்தினார்கள். காற்றடிக்கிற மெசினும் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

வாசித்தேன்.

"யோகன் தந்த ரயர் நல்ல ரயர். இடப்பக்கம் வெட்டிப் பார்க்கச் சொன்னவன். நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று பொய் சொன்னேன். கந்தவனம்."



"எனக்குச் சரியாக் கேக்கேல்லை" என்றான் யோகன். குந்தியபடியே, சில்லைப் பார்த்துக்கொண்டு. "இன்னொருக்கா. கொஞ்சம் உரத்து."

மறுபடி வாசித்தேன். ரோட்டில் நிற்கும் பிக்கப் வரை கேட்டிருக்கும். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சு. இறங்கி வந்து எனக்குப் பின்னால் நின்றான்.

யோகன் எழும்பினான். மண்ணெண்ணெயில் கையைக் கழுவினான், நேரமெடுத்து, விரல் விரலாக. துடைத்துவிட்டு மட்டையை வாங்கி, தானும் ஒருமுறை வாசித்தான். ஒட்டவில்லை. கல்லாப் பெட்டிக்குள் வைத்தான்.

"பிக்கப்பை உள்ளை விடச் சொல்லுங்கோ. அந்தத் தகட்டை வெட்டித்தான் எடுக்கவேணும், அடிச்சுச் சரிவராது" என்றான். பிறகு சு.வைப் பார்த்து, "வரேக்கை இடப்பக்கமா வெட்டிக்கொண்டு வா. நானும் அந்தச் சத்தத்தை ஒருக்காக் கேப்பம்."

இரண்டு தரமும் ஒரு சொல்லில்கூட நான் தடக்கவில்லை. வாசித்து முடித்தபோது அதை நினைத்து உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. அந்த இடத்தில், அந்த நேரத்தில். அதற்கும் சேர்த்து வெட்கம்.